வெளியே நிறுத்தப்பட்ட மாணவனும் அவனுடைய கோபமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளி மாணவர்களிடையே நிகழும் மோதல்களையும், ஆசிரியர்மீதே கை ஓங்கப்படும் சம்பவங்களையும் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வெளிவரும்போதெல்லாம், அடுத்த சில நாள்களில் வாசகர் கடிதப் பகுதியில் ஏறக்குறைய ஒரே கோரிக்கை திரும்பத் திரும்ப எழுகிறது. அப்படிப்பட்ட மாணவனிடம் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து உடனே அனுப்பிவிட வேண்டும் என்பதே அது. அரசின் எண்ணமும் இதிலிருந்து வெகு தொலைவில் இல்லை. ஆசிரியர்களிடம் முறைகேடாக நடந்துகொள்ளும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள் என்றும், நீக்கத்துக்கான காரணம் அவர்களுடைய மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் குறிப்பிடப்படும் என்றும் 2022 மே மாதத்தில் பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கலாம். அரசு உதவி பெறும் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் அச்சத்தையும் சலிப்பையும் நான் நன்கு அறிவேன். ஆனால், ஒருவரைக் கூட்டத்திலிருந்து விலக்கி வைக்கும்போது அவருக்குள் இருக்கும் ஆக்ரோஷம் என்ன ஆகிறது என்பதைப் பற்றி உளவியலாளர்கள் கடந்த கால் நூற்றாண்டில் நடத்தியுள்ள ஆய்வுகளைப் படித்த பிறகு, நாம் தீர்வு என்று நம்பிச் செய்வதே பல நேரங்களில் சிக்கலின் ஒரு பகுதியாக இருக்கிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

இத்துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது, ஜீன் ட்வெங்கி, ராய் பாமைஸ்டர் உள்ளிட்ட அமெரிக்க உளவியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஐந்து பரிசோதனைகளின் தொகுப்பு. கல்லூரி மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வை நடத்திவிட்டு, அவர்கள் எழுதிய விடைகளுக்கு எந்தத் தொடர்பும் இல்லாமல், குலுக்கல் முறையில் ஆளுக்கொரு எதிர்காலத்தைச் சொன்னார்கள். சிலரிடம், வாழ்நாள் முழுவதும் நல்ல உறவுகள் சூழ இருப்பீர்கள் என்றார்கள். வேறு சிலரிடம், இப்போது நண்பர்கள் இருந்தாலும் வயது ஏற ஏற ஒவ்வொருவராக விலகிப் போய், கடைசியில் தனியாகத்தான் இருப்பீர்கள் என்றார்கள். இன்னும் சிலரிடம், உங்களுக்கு அடிக்கடி விபத்துகள் நேரும் என்றார்கள். மற்றொரு வகைப் பரிசோதனையில், சிறிது நேரம் ஒன்றாக உட்கார்ந்து பேசிப் பழகியவர்களிடம், யாருடன் சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு, சிலரைத் தனியே அழைத்து, உங்கள் பெயரை ஒருவர்கூட எழுதவில்லை என்று பொய் சொன்னார்கள். அதன் பிறகு அவர்களை ஒரு கணினி விளையாட்டில் உட்காரவைத்து, தோற்கும் எதிராளியின் காதில் பாயும் இரைச்சலை எவ்வளவு உரக்க வைப்பது என்று முடிவு செய்யும் உரிமையையும் கொடுத்தார்கள்.

இவ்வாறு ஒதுக்கப்பட்டவர்களாக உணரவைக்கப்பட்டவர்கள், தம்மை அவமதித்த எதிராளிக்கு மற்றவர்களைவிடக் கடுமையான இரைச்சலைக் கொடுத்தார்கள் என்பதில் வியப்பு ஒன்றுமில்லை. தம்மிடம் ஒரு வார்த்தையும் பேசியிராத, தம்மை ஒதுக்கியதில் எந்தப் பங்கும் இல்லாத மூன்றாம் மனிதருக்கும் அவர்கள் அப்படியே செய்தார்கள் என்பதுதான் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது. விபத்து நேரும் என்று சொல்லப்பட்டவர்களிடம் இந்தக் கடுமை இல்லை. ஆகவே கெட்ட செய்தி கேட்ட வருத்தம் மட்டும் இதற்குக் காரணம் என்று கொள்ள முடியாது. தம்மைப் பாராட்டிய ஒருவரிடம் ஒதுக்கப்பட்டவர்களும் கடுமை காட்டவில்லை. இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று: ஒதுக்கப்பட்டவர்களின் மனநிலையை அளந்து பார்த்தபோது, கோபமோ துயரமோ பொங்கி, அதன் வழியாக இந்த ஆக்ரோஷம் வந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. அவர்கள் கொதிக்கவில்லை, ஒருவகையில் மரத்துப்போயிருந்தார்கள். சண்டைக்குப் பின் தலைமை ஆசிரியர் அறைக்கு அழைத்து வரப்படும் பையனின் முகத்தைப் பார்த்த எவருக்கும் இது புதிதாக இராது. ஏன் அடித்தாய் என்று கேட்டால், "சும்மாதான் சார்" என்பான். அதைத் திமிர் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் அது திமிராகவும் இருக்கக்கூடும்; எல்லா நேரங்களிலும் அப்படியல்ல.

அதே குழுவினரில் சிலர் 2005இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வு, ஒதுக்கப்படுவதற்கும் சுயகட்டுப்பாட்டுக்கும் உள்ள உறவை நேரடியாகச் சோதித்தது. உடலுக்கு நல்லது, ஆனால் குடிக்கச் சுவைக்காத பானத்தை ஒதுக்கப்பட்டவர்கள் குறைவாகவே குடித்தார்கள். எதிரே வைத்த பிஸ்கட்டை அதிகமாகத் தின்றார்கள். கடினமான புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். அவர்களுக்குத் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் ஆற்றலே போய்விட்டதா என்றால், இல்லை. பணம் தருவதாகச் சொன்னபோதும், தம்மைத் தாமே பார்க்கும்படி கண்ணாடி முன் உட்காரவைத்தபோதும், அந்தக் குறை மறைந்தது. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். வாயில் வரும் சொல்லை விழுங்குவதும், ஓங்கிய கையை இறக்குவதும் ஒவ்வொரு முறையும் சிரமமான வேலை. நாலு பேர் நம்மை அவர்களில் ஒருவராக வைத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் நாம் அந்தச் சிரமத்தை ஏற்கிறோம். அந்த நம்பிக்கை பறிக்கப்பட்டவன், யாருக்காக அடங்கிப் போக வேண்டும் என்று கேட்கத் தொடங்குகிறான். வகுப்பில் இதை வாய்விட்டே கேட்ட மாணவர்கள் உண்டு.

இந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது, ஆஸ்திரேலியாவில் வேய்ன் வார்பர்ட்டன், கிப்ளிங் வில்லியம்ஸ் ஆகியோரும் உடன் ஆய்வாளர் ஒருவரும் நடத்தி 2006இல் வெளியிட்டது. காத்திருக்கும் அறையில் மூவர் இயல்பாகப் பந்து போட்டு விளையாடத் தொடங்குவார்கள். அவர்களில் இருவர் ஆய்வாளரின் ஆள்கள். சிலரை விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். சிலருக்குச் சற்று நேரத்தில் பந்து வருவதே நின்றுபோயிற்று. பின்னர் எல்லோரும் எரிச்சலூட்டும் இரைச்சலைக் கேட்க நேர்ந்தது. அது எப்போது ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வாய்ப்பு சிலருக்கு இருந்தது, சிலருக்கு இல்லை. கடைசியில், காரம் பிடிக்காத ஒருவர் உண்பதற்காக மிளகாய்ச் சாஸை அளந்து வைக்கச் சொன்னார்கள். ஒதுக்கப்பட்டு, இரைச்சலின் மீதும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் இருந்தவர்கள், மற்ற எந்தக் குழுவையும்விட நான்கு மடங்குக்கு மேல் சாஸ் வைத்தார்கள். ஒதுக்கப்பட்டும், இரைச்சலை எப்போது கேட்பது என்ற சிறிய விஷயத்திலாவது தம் கை இருந்தவர்களோ, ஒதுக்கப்படாதவர்களைவிடச் சிறிதும் கூடுதலாக வைக்கவில்லை. ஒதுக்கியது ஒதுக்கியதாகவே இருக்க, வேறு எங்கோ ஒரு சிறு அதிகாரம் திரும்பக் கிடைத்ததும் மூர்க்கம் வடிந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

இதை வைத்து நமது பள்ளிகளைப் பார்த்தால், உளவியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் சில நிமிடங்களுக்குச் செய்து, முடிந்ததும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கோரும் காரியத்தை, நாம் ஆண்டு முழுவதும், உண்மையாகவே செய்துகொண்டிருக்கிறோம் என்பது விளங்கும். விளையாட்டுப் பீரியடில் இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஆள் பிரிக்கச் சொல்லும்போது, கடைசியில் யாரும் கேட்காமல் நிற்கும் இருவரில் ஒருவனாக ஒவ்வொரு முறையும் ஒரே பையன் நிற்பதை உடற்கல்வி ஆசிரியர்கள் அறிவார்கள். செயல்திட்டத்துக்குக் குழு பிரிக்கையில், பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்று நாம் தாராளமாகச் சொல்வது, 2001ஆம் ஆண்டுப் பரிசோதனையின் அச்சு அசலான வடிவம். மதிப்பெண் வரிசையில் 'ஏ' செக்‌ஷன், 'பி' செக்‌ஷன் என்று பிரிக்கிறோம். மெல்லக் கற்போர் என்று பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலை வகுப்பிலேயே வாசிக்கிறோம். வீட்டுப்பாடம் எழுதாதவனை வராந்தாவில் நிற்க வைக்கிறோம். இவற்றுள் மிகக் கொடியது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பு நடப்பது. நூறு சதவீதத் தேர்ச்சி என்ற பலகைக்காக, தேறமாட்டான் என்று தோன்றும் மாணவனின் பெற்றோரை அழைத்து, வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது தனித்தேர்வராக எழுத வையுங்கள் என்று சொல்லும் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. அந்தப் பையன் எவரையும் அடித்திருக்கமாட்டான். ஆனால் பள்ளி என்பது வேண்டாதபோது தன்னைக் கழற்றிவிடும் இடம் என்ற பாடத்தை அவனோடு சேர்ந்து அவனுடைய வகுப்பே கற்றுக்கொள்கிறது.

மாணவர்கள் தமக்குள் செய்துகொள்ளும் விலக்கம் இன்னும் நுட்பமானது. காய் விடுவது குழந்தை விளையாட்டு என்றுதான் நாம் நினைக்கிறோம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் அது ஒரு வகுப்பே சேர்ந்து ஒருவரிடம் பேசாமல் இருப்பதாகவும், வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருவரை மட்டும் நீக்கிவிட்டு அவர் இல்லாத குழுவில் அவரைப் பற்றியே பேசுவதாகவும் வளர்ந்துவிடுகிறது. பெண்கள் பள்ளிகளில் பணியாற்றியவர்களிடம் கேட்டால் இதன் இலக்கணத்தையே சொல்வார்கள். அங்கே கத்தி இல்லை, ரத்தம் இல்லை என்பதால் அது செய்தியாவதில்லை. ஆனால் ஒதுக்குவதையே ஆயுதமாகக் கொண்டு செய்யப்படும் ஆக்ரோஷம் அது என்று உளவியலாளர்கள் தனிப்பெயர் இட்டே ஆராய்ந்து வருகிறார்கள்.

இவ்விடத்தில் நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். மிளகாய்ச் சாஸும் இரைச்சலும் எங்கே, அரிவாள் எங்கே? அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து அரை மணி நேரத்தில் செய்த சோதனை, நமது ஊர்ப் பள்ளிகளைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். ஆய்வுக்கூட முடிவுகளை அப்படியே தெருவுக்குக் கொண்டுவருவது தவறு. அதைச் செய்தவர்களும் அப்படி உரிமை கொண்டாடவில்லை. 1995 முதல் 2001 வரை அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த 15 துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்து மார்க் லியரி உள்ளிட்டோர் 2003இல் எழுதிய கட்டுரை, இரண்டைத் தவிர மற்றவற்றில் சுட்டவர் கடுமையாகவோ தொடர்ச்சியாகவோ நிராகரிக்கப்பட்டவர் என்று கண்டது. ஆனால் நிராகரிப்பு மட்டும் போதுமான காரணம் ஆகாது என்பதையும் அதுவே எடுத்துச் சொன்னது. துப்பாக்கி, வெடிகுண்டு ஆகியவற்றின் மீதான மோகம், மரணத்தைப் பற்றிய தீராத நினைப்பு, முன்பே இருந்த உளச் சிக்கல்கள் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ பெரும்பாலும் கூடவே இருந்தன. துப்பாக்கி எளிதில் கிடைக்கும் நாட்டின் கதை அது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒதுக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் தாக்குவதில்லை. கிப்ளிங் வில்லியம்ஸ் இத்துறையில் நீண்ட காலம் உழைத்தவர்; திரையில் இரு உருவங்கள் நமக்குப் பந்து போடாமல் தமக்குள்ளேயே போட்டுக்கொள்ளும் எளிய கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கி, உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் பயன்படுத்தும்படி செய்தவர். ஒதுக்கப்பட்டவர் முதலில் வலியை உணர்கிறார். அடுத்து, இழந்ததை மீட்க ஏதாவது செய்கிறார். நெடுநாள் நீடித்தால் கைவிட்டு ஒடுங்கிவிடுகிறார் என்பது அவருடைய கருத்து. அந்த நடுக்கட்டத்தில்தான் வழிகள் பிரிகின்றன. மறுபடியும் சேர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை இருப்பவர், மற்றவர்களுக்குப் பிடித்தபடி நடக்க முயல்கிறார், கூடுதலாக இணங்கிப் போகிறார், சில நேரம் தன்மானத்தையும் விட்டுக்கொடுக்கிறார். இனி அந்தக் கதவு திறக்காது என்று தோன்றிவிட்டவருக்கு, விரும்பப்படுவதைவிடக் கவனிக்கப்படுவதே பெரிதாகிவிடுகிறது. ஆக்ரோஷம் கவனத்தை உடனே பெற்றுத் தரும். ஆகவே நிரந்தர நீக்கம் என்பது, இணங்கிப் போகும் பாதையை அடைத்துவிட்டு, மற்றப் பாதையை மட்டும் திறந்து வைப்பதாகும். காரணத்தைச் சான்றிதழில் எழுதி அனுப்புவது, அடுத்த பள்ளியின் கதவையும் இங்கிருந்தே சாத்திவிடுவதாகும்.

நமது மாநிலத்தின் சூழலில் இந்த விவாதத்தைச் சாதியைத் தொடாமல் முடிப்பது நேர்மையாகாது. அதைத் தொட்டால் இந்த ஆய்வுகளின் எல்லையும் தெரிந்துவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அங்கே தொடர்ந்து துன்புறுத்தப்பட்டு, பள்ளிக்குப் போவதையே நிறுத்திக்கொண்டவர் யார்? வெட்டுப்பட்டவர். அரிவாளைத் தூக்கியவர்களை யாரும் ஒதுக்கி வைத்திருக்கவில்லை. ஊரிலும் பள்ளியிலும் தமக்கு இருப்பதாக அவர்கள் எண்ணிய இடம் கேள்விக்கு உள்ளானதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. ஊர்விலக்கம், தனிக் குவளை, பொதுப் பாதை மறுப்பு என்று தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்ட மக்கள், தம்மை ஒதுக்கியவர்கள்மீது காட்டிய வன்முறை எவ்வளவு, அவர்கள் பெற்ற வன்முறை எவ்வளவு என்பதை வரலாறு அறிந்தவர்கள் அறிவார்கள். எனவே, ஒதுக்கப்பட்டவன் ஆபத்தானவன் என்ற சூத்திரமாக இந்த ஆய்வுகளை யாரும் சுருக்கிவிடக் கூடாது. அப்படிச் சுருக்கினால், ஏற்கெனவே விலக்கப்பட்டவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்குப் புதிய சாக்கு ஒன்றை அறிவியலின் பெயரால் நாம் கொடுத்தவர்களாவோம். ஒதுக்குதல் அநீதி என்பதற்கு, ஒதுக்கப்பட்டவர் திருப்பி அடிக்கக்கூடும் என்ற காரணம் தேவையே இல்லை.

ஆனால் அதே நிகழ்வுக்குப் பிறகு அரசு அமைத்த, ஓய்வு பெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்ததை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். கயிறு எதைச் செய்கிறது? யார் நம்மவன், யார் அல்லன் என்பதைத் தூரத்திலிருந்தே அறிவிக்கிறது. வகுப்பறையில் எந்த வகையிலும் பொருட்படுத்தப்படாத பையனுக்கு, கயிறு கட்டிய கணத்தில் முப்பது அண்ணன்கள் கிடைத்துவிடுகிறார்கள். சென்னையில் பேருந்துத் தடங்களின் பெயரால் கல்லூரி மாணவர்களிடையே வளர்ந்த 'ரூட்டு தல' வழக்கமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அங்கே கிடைக்கும் வரவேற்பு உண்மையானது. அதனால்தான் அது வலிமையானது. அந்த வரவேற்புக்கு மாதச் சந்தாவாகக் கேட்கப்படுவது அடிதடி. பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மாணவன் ஆளற்ற பாலைவனத்துக்குப் போவதில்லை. அவனுக்காக ஏற்கெனவே இடம் போட்டு வைத்திருக்கும் இப்படிப்பட்ட கூட்டத்துக்குத்தான் போகிறான். நீக்கத்தை ஆதரிப்பவர்கள் இந்த அடுத்த கட்டத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை.

அமெரிக்கா இந்தப் பாதையில் நமக்கு முன்பே வெகுதூரம் போய்ப் பார்த்துவிட்டது. சிறு தவறுக்கும் இடைநீக்கம், நீக்கம் என்ற கடுமையான கொள்கை அங்கே பள்ளிகளில் 1990களில் பரவியது. அதன் விளைவுகளை ஆராய அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த பணிக்குழு 2008இல் வெளியிட்ட அறிக்கை, இக்கொள்கையால் பள்ளிகள் பாதுகாப்பானவை ஆயின என்பதற்குச் சான்று இல்லை என்றும், ஒரு முறை இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவர்கள் பின்னர் மீண்டும் தவறு செய்வதற்கும் படிப்பை நிறுத்துவதற்குமே வாய்ப்பு அதிகம் என்றும் கூறியது. ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த மாணவர்கள்தாம் இடைநீக்கம் பெறுகிறார்கள், ஆகவே பின்விளைவுக்கு இடைநீக்கமே காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒருவர் வாதிடலாம். சரிதான். ஆனால் இத்தனை ஆண்டுகள் கடைப்பிடித்த பின்னும் நன்மை விளைந்தது என்று காட்ட இயலாத தண்டனையை, நாம் புதிதாகக் கண்டுபிடித்த தீர்வுபோல் கொண்டாட வேண்டியதில்லை.

அப்படியானால் அடித்தவனை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டுமா என்று என் முன்னாள் சக ஆசிரியர்களே கேட்பார்கள். வேண்டாம். அடிபட்ட மாணவரின், அவமதிக்கப்பட்ட ஆசிரியரின் பாதுகாப்பே முதலாவது. அடித்தவனை அதே பெஞ்சில், அடிபட்டவர் அருகிலேயே மறுநாளும் உட்காரவைப்பது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. ஆயுதம் எடுத்த குற்றமானால் இளைஞர் நீதிச் சட்டப்படி நடக்க வேண்டியது நடக்கட்டும். சாதித் துன்புறுத்தலில் சமாதானம் பேசி முடித்து வைப்பதை நான் அடியோடு எதிர்க்கிறேன். நான் கேட்பது வேறு. பிரித்து வைப்பது அவசியமாகும்போதும், அந்த மாணவனோடு பொறுப்புள்ள பெரியவர் ஒருவரின் தொடர்பு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே.

இதற்கு ஆகும் செலவு நாம் அஞ்சுவதைவிடக் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. நேதன் டிவால் தலைமையிலான குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோராலும் நிராகரிக்கப்பட்டவர்களைவிட, ஒரே ஒருவரால் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களின் ஆக்ரோஷம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஏற்றுக்கொள்பவர்களின் எண்ணிக்கை கூடக் கூட ஆக்ரோஷம் மேலும் குறைந்தாலும், முதல் ஒருவர் ஏற்படுத்திய அளவு மாற்றத்தை அடுத்தடுத்து வந்தவர்கள் ஏற்படுத்தவில்லை. அதற்கு முன்பு, 2007இல் வெளியான ட்வெங்கி குழுவின் ஆய்வில், ஒதுக்கப்பட்டவரிடம் ஆய்வாளர் சிறிது நேரம் நட்பாகப் பேசியதும், குடும்பத்தாரில் ஒருவரைப் பற்றியோ நண்பர் ஒருவரைப் பற்றியோ எழுதச் சொன்னதும்கூட ஆக்ரோஷத்தைத் தணித்தன. வகுப்பில் நாற்பது பேரையும் ஒருவனுக்கு நண்பராக்க எந்த ஆசிரியராலும் முடியாது. ஒருவரைத் தேடித் தர முடியும். அந்த ஒருவர் பள்ளியின் அலுவலக உதவியாளராக இருந்த கதைகள் எனக்குத் தெரியும். மணி அடிக்கும் பொறுப்பையோ நூலக அலமாரிச் சாவியையோ வகுப்பின் மிகப் பெரிய முரடனிடம் ஒப்படைக்கும் பழைய தலைமை ஆசிரியர்களைப் பார்த்து நாங்கள் இளவயதில் சிரித்ததுண்டு. கட்டுப்பாடு சிறிது திரும்பக் கிடைத்தால் மூர்க்கம் வடியும் என்ற 2006ஆம் ஆண்டு முடிவை அவர்கள் படித்திருக்க வாய்ப்பில்லை; ஆனால் அவர்கள் செய்தது அதுதான்.

விசாரணை நடத்தும் முறையிலும் இதே கருத்தைக் கடைப்பிடிக்கலாம். இப்போது நடப்பது என்ன? தீர்ப்பை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, பெற்றோரை வரவழைத்து, மாணவனை ஒரு மூலையில் நிறுத்தி, அவனைப் பற்றி அவன் முன்னிலையிலேயே மற்றவர்கள் பேசுகிறார்கள், அவனிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி, "இனிமேல் செய்வியா?" என்பது. தன் தரப்பைத் தானே எழுதித் தரவும், சேதத்தை எப்படி ஈடு செய்வது என்பதில் தானும் ஒரு யோசனை சொல்லவும் அவனுக்கு வாய்ப்பு இருந்தால், தண்டனையின் கடுமை சிறிதும் குறையாமலே அவன் கையில் சிறிதளவு பொறுப்பு திரும்பி வந்துவிடும். உடற்கல்வி ஆசிரியர் அணியைத் தாமே பிரிப்பதும், குழுச் செயல்பாட்டுக்கு வகுப்பாசிரியர் தாமே குழு அமைத்து மாதந்தோறும் மாற்றுவதும் ஒரு காசும் செலவில்லாதவை.

சட்டத்தின் நிலையைப் பற்றியும் ஒரு சொல். குழந்தைகளின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றுவதைத் தடை செய்கிறது. 2019இல் வந்த திருத்தம் ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேறாத மாணவரை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க இடமளித்தபோதும், வெளியேற்றத் தடையை விட்டுவைத்தது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. குரல் உடைந்து, உடல் வளர்ந்து, நண்பர் கூட்டத்தின் மதிப்பே உலகமாகத் தெரியும் பதினான்கு, பதினைந்து வயதில், எந்த நேரத்திலும் வெளியே அனுப்பப்படலாம் என்ற நிலையில் அவனை வைத்திருக்கிறோம்.

இந்த வயதினரில் எத்தனை பேர் அவ்வாறு அனுப்பப்படுகிறார்கள் என்பதைக் கண்டறிவது அரசுக்குக் கடினமான காரியமன்று. மாநிலத்தின் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையான 'எமிஸ்' இணையதளத்தின் வழியாகத்தான் இன்று மாற்றுச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. ஒரு பள்ளியிலிருந்து விடுவிக்கப்பட்டு வேறு பள்ளியில் சேராத மாணவரின் பெயர் அதில் 'காமன் பூல்' எனப்படும் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை கல்வியாண்டின் நடுவில் வழங்கப்பட்ட மாற்றுச் சான்றிதழ்கள் எத்தனை, அவற்றில் நடத்தை காரணமாக வழங்கப்பட்டவை எத்தனை, தேர்ச்சி விகிதத்துக்காகப் பெற்றோரைக் கேட்க வைத்து வழங்கப்பட்டவை எத்தனை, அம்மாணவர்களில் ஆறு மாதத்துக்குப் பின்னும் பொதுத் தொகுப்பிலேயே இருப்பவர்கள் எத்தனை என்ற விவரத்தைப் பள்ளிக் கல்வித் துறை மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பொதுத் தொகுப்பில் ஒரு பெயர் முப்பது நாள்களுக்கு மேல் இருந்தால், மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் அந்த வீட்டுக்கு நேரில் சென்று வந்ததாகப் பதிவு செய்த பிறகே அந்தக் கோப்பு முடிக்கப்பட வேண்டும். தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்தியாளர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்த எண்ணிக்கையை இப்போதே கேட்கத் தொடங்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்,
கும்பகோணம்.